அரசு வேலைக்கும் தனியார் வேலைக்கும் ஒரே சுயவிவரம் போதுமா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி என்று ஒரு பக்கம் விண்ணப்பித்துக்கொண்டே மறுபக்கம் தனியார் நிறுவனங்களுக்கும் முயல்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இவர்களில் பலர், கல்லூரி இறுதியாண்டில் வளாகத் தேர்வுக்காக யாரோ கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதிய சுயவிவரத்தையே ஆண்டுக்கணக்கில் எல்லா இடங்களுக்கும் அனுப்பி வருகிறார்கள். அதையே தொடரலாமா, அரசுக்கு ஒன்று தனியாருக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாகத் திருத்த வேண்டுமா என்பதே வாசகர்கள் பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை சொல்வதற்கு முன், அரசுத் தரப்பில் சுயவிவரம் என்ற ஒன்றை யாராவது படிக்கிறார்களா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

## அரசுத் தரப்பில் படிப்பவர் யார்?

பெரும்பாலான பணியிடங்களில் எவரும் படிப்பதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை எடுத்துக்கொண்டால், ஒரே ஓர் எழுத்துத் தேர்வு, அதன்பின் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று முடிந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வு கிடையாது. மத்திய அரசும் குரூப் சி பணியிடங்களுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணியிடங்களுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வைக் கைவிட்டுவிட்டது. இத்தகைய தேர்வுகளை மட்டும் எழுதுபவர்களுக்குச் சுயவிவரமே தேவையில்லை. டிஎன்பிஎஸ்சிக்கு என்றால், 150 ரூபாய் கட்டி இணையத்தில் செய்கிற, ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் ஒருமுறைப் பதிவில் நிரப்புகிற விவரங்கள்தாம் அவர்களது சுயவிவரம். அழகான வார்ப்புருவைத் தேடிச் செலவிடும் நேரத்தைச் சான்றிதழ்களைச் சேர்ப்பதில் செலவிட்டால் பயன் உண்டு.

படிக்கப்படும் இடங்களும் இருக்கின்றன. அனுபவமும் உயர்கல்வியும் தேவைப்படும் பதவிகளுக்கு யுபிஎஸ்சி நேரடித் தெரிவு முறையில் ஆளெடுக்கும்போது, விண்ணப்பத்தில் உள்ள தகுதியையும் அனுபவத்தையும் வைத்தே பலரையும் வடிகட்டி, எஞ்சியவர்களை நேர்முகத்துக்கு அழைக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் அனுபவசாலிகளை எடுக்கும்போதும், ஐஐடி, சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை திட்டப் பணியாளர்களை எடுக்கும்போதும், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்தப் பணியாளர்களை எடுக்கும்போதும் காகிதத்தில் உள்ளதை வரிவரியாகப் பார்க்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வில் நிரப்பப்படும் விரிவான விண்ணப்பப் படிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறுதித் தரவரிசைக்குரிய 2025 மதிப்பெண்களில் 275 மதிப்பெண்களுக்கான ஆளுமைத் தேர்வில், அந்தப் படிவத்தில் எழுதிய பொழுதுபோக்கும் ஊரும் பட்டப்படிப்பும் முந்தைய வேலையும் கேள்விகளாகத் திரும்பி வரும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘வாசிப்பு’ என்று போகிறபோக்கில் எழுதியவர், கடைசியாக என்ன வாசித்தார் என்பதற்கு அங்கே விடை சொல்லியாக வேண்டும்.

## எடைபோடுவதற்கான அளவுகோல்கள்

முதல் வாசகர். தனியார் துறையில் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் கோப்பை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள். அடுத்துப் படிப்பவர், ஒரே நாளில் அதுபோன்ற பல கோப்புகளைப் புரட்டும் ஆளெடுப்பு அலுவலர். அரசில் முதலில் படிப்பவர், அறிவிக்கையில் உள்ள தகுதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர். முன்னவர் உங்களை அழைக்க ஒரு காரணம் தேடுகிறார். பின்னவர், விதிப்படி நீங்கள் தகுதி உடையவரா என்று மட்டுமே பார்க்கிறார். உங்கள் திறமையைக் கண்டு வியப்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நிற்கும் சான்று. இந்த ஒப்பீட்டில் மிகவும் எடையுள்ளது இதுவே. கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரின் அனுபவத்தை உதாரணமாகக் கொள்வோம். தனியார் நிறுவனத்துக்கு, ‘மாதாந்திரக் கணக்கு முடிக்கும் காலத்தை ஒன்பது நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைத்தேன், ஜிஎஸ்டி தாக்கல், டேலி, எக்செல்’ என்று எழுதினால் அது வேலை செய்யும். அதே அனுபவத்தை அரசு விண்ணப்பத்தில், ‘கணக்கு உதவியாளர், முழுநேரம், 03.06.2019 முதல் 30.09.2022 வரை, 3 ஆண்டு 3 மாதம் 28 நாள். பணியின் தன்மை: கணக்குப் பராமரிப்பு, வரித் தாக்கல்’ என்று எழுத வேண்டும். அதற்கு நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட, உரிய படிவத்திலான அனுபவச் சான்றும் வேண்டும். அறிவிக்கையில் ‘தகுதி பெற்ற பின்னரான அனுபவம்’ என்று இருந்து, அவருடைய பட்டத் தேர்வு முடிவு 2019 ஜூலையில்தான் வெளியானது என்றால், ஜூன் மாத அனுபவம் கணக்கில் வராது. மூன்றாண்டு அனுபவம் கேட்கும் பதவிக்கு அவர் இன்னமும் தகுதி உடையவர்தாம். மூன்றாண்டு மூன்று மாதம் பணியாற்றிய மற்றொருவருக்கு, தேர்வு முடிவு நான்கு மாதம் தாமதமாக வந்திருந்தால் அந்தக் கதவே மூடிவிடும். ஒன்பது நாளை நான்கு நாளாக்கிய சாதனையை அங்கே கேட்பவர் இல்லை.

தவறின் விலை. தனியாருக்கு அனுப்பும் சுயவிவரம் மோசமாக இருந்தால் அழைப்பு வராது. அடுத்த வாரம் வேறு இடத்துக்கு அனுப்பலாம். அரசு விண்ணப்பத்தில் பிறந்த தேதி, வகுப்புப் பிரிவு, சான்றிதழ் பெற்ற தேதி ஆகியவற்றில் பிழை நேர்ந்தால், தேர்வில் வெற்றி பெற்ற பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அது வெளிப்படும். அதற்குள் ஓராண்டுக்கு மேல் கழிந்திருக்கலாம், வயது வரம்பும் நெருங்கியிருக்கலாம். உண்மையை மறைப்பது இன்னும் கடுமையானது. அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல், பணியில் சேர்பவர் குற்ற வழக்கு பற்றித் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும், மறைத்தது தெரியவந்தால் வழக்கின் தன்மையைக் கருதிப் பணிநீக்கம் வரை முடிவெடுக்க வேலையளிப்பவருக்கு உரிமை உண்டு என்றும் விளக்கியது.

முரண்படாமை, நேரம். இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதும்போது தேதிகளும் பெயர்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது எவ்வளவு பெரிது என்பது அவருக்கே தெரியும்.

## வழி 1: எல்லாவற்றுக்கும் ஒரே சுயவிவரம்

இதன் ஒரே நன்மை எளிமை. ஒரே கோப்பு என்பதால் முரண்பாடும் வராது. ஆனால் நடைமுறையில் இது இரு தரப்புக்கும் அரைகுறையாகவே அமைகிறது. தந்தை பெயர், மதம், திருமண நிலை, நிரந்தர முகவரி, ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற கையொப்ப வரி ஆகியவை தனியார் சுயவிவரத்தில் இடத்தை அடைக்கின்றனவே தவிர, எதையும் கூட்டுவதில்லை. அவற்றை நீக்கிவிட்டால், ஒப்பந்தப் பணிக்கான அரசு அறிவிக்கைக்கு அதே கோப்பை அனுப்பும்போது கேட்ட விவரம் இல்லாமல் போகிறது. பல அறிவிக்கைகளில் தனிப் படிவம் இணைக்கப்பட்டிருக்கும். அதை நிரப்பாமல் சொந்தச் சுயவிவரத்தை மட்டும் அனுப்புபவரின் விண்ணப்பம் படிக்கப்படாமலே ஒதுக்கப்படலாம்.

மறைமுகச் செலவு வேறொன்றும் உண்டு. இரு பத்திகளாகப் பிரித்து, வண்ணப் பட்டைகளும் நட்சத்திரக் குறிகளும் வைத்து அழகுபடுத்திய கோப்பு கண்ணுக்கு நன்றாக இருக்கும். வடிகட்டும் மென்பொருளோ அந்தப் பத்திகளைக் குறுக்கே சேர்த்துப் படித்து, வேலை பார்த்த ஆண்டை ஓரிடத்திலும் நிறுவனத்தின் பெயரை வேறிடத்திலுமாகச் சிதறடித்துவிடக்கூடும். ஆக, ஒரே கோப்பு வைத்துக்கொள்பவர்கள் குறைந்தபட்சம் ஒற்றைப் பத்தி அமைப்பையாவது பின்பற்ற வேண்டும்.

இது பொருந்துவது இருவருக்கு மட்டும்: இன்னும் படித்துக்கொண்டிருப்பவருக்கும், அரசுத் தரப்பில் எழுத்துத் தேர்வுகளை மட்டும் எழுதுபவருக்கும். இரண்டாமவரின் அரசு விவரங்கள் இணையப் படிவத்திலேயே இருப்பதால், கையில் உள்ள ஒரே சுயவிவரத்தை அவர் முழுக்க முழுக்கத் தனியாருக்கென்றே எழுதிக்கொள்ளலாம்.

## வழி 2: அரசுக்கு ஒன்று, தனியாருக்கு ஒன்று

இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்பவர் முதல் மூன்று அளவுகோல்களிலும் நல்ல மதிப்பெண் பெறுகிறார். அரசுக்கான கோப்பு நீளமாக இருக்கலாம்: பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தேர்வும், பதிவு எண்ணும், தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், மதிப்பெண் விழுக்காடும், பயிற்று மொழியும், நாள் கணக்கிலான அனுபவமும் அதில் இருக்க வேண்டும். தனியாருக்கானது, புதியவர் என்றால் ஒரு பக்கம், அனுபவம் உள்ளவர் என்றால் இரண்டு பக்கம். அறிவிப்பில் கேட்ட திறன்கள் முதல் பாதியிலேயே கண்ணில் பட வேண்டும்.

சில தகுதிகள் ஒரு தரப்பில் தங்கமாகவும் மறுதரப்பில் வெறும் வரியாகவும் இருப்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு முதுநிலைத் தேர்ச்சி பெற்றவருக்குக் குரூப் 4 தட்டச்சர் பணியிடத்தில் முன்னுரிமை உண்டு; மென்பொருள் நிறுவனத்துக்கான சுயவிவரத்தில் அதைச் சேர்க்காவிட்டாலும் குறைவில்லை. தமிழ்வழியில் பயின்றவர்களுக்குத் தமிழ்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கிறது; 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பின் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. மூடப்பட்ட தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள் இதற்காக அலைவதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும்.

வகுப்புச் சான்றிதழும் அப்படியே. மாநில அரசுத் தேர்வில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளுக்கு வருமான வரம்பு கிடையாது, நிரந்தரச் சான்றிதழே போதும். மத்திய அரசுத் தேர்வில் அதே நபர் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இடம்பெற வேண்டுமானால், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்று மத்திய அரசின் படிவத்தில், உரிய காலத்துக்குள் பெற்ற சான்று வேண்டும். அரசுக்கென ஒரே கோப்பு என்று நாம் சொல்வதற்குள்ளேயே மாநிலம், மத்தியம் என்ற இரு கிளைகள் இருப்பதை இது காட்டுகிறது.

இவ்வழியின் பலவீனம் முரண்பாடு. இரு கோப்புகளையும் வெவ்வேறு காலங்களில் திருத்தும்போது ஒன்றில் சேர்த்தது மற்றொன்றில் விடுபட்டுப்போகும். அதிகம் இடறுவது பெயரில்தான். நம் வழக்கப்படி தலைப்பெழுத்து ஒரு சான்றிதழில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிவாக இருக்கும். வங்கிக் கணக்கில் அதுவும் இருக்காது. அரசு விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு. தனியார் சுயவிவரத்தில் விரும்பியபடி எழுதலாம் என்றாலும், பணியில் சேர்ந்தபின் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஆதாரின் பெயர்தான் ஏறும். நாளை அந்தப் பணியின் அனுபவச் சான்றை அரசு விண்ணப்பத்துடன் இணைக்கும்போது, இரண்டும் ஒரே நபர்தாம் என்று நிறுவ வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும்.

## வழி 3: ஒரு மூலப் பதிவேடு, அதிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பமும்

இம்முறையில் எவருக்கும் அனுப்பாத ஒரு பதிவேட்டை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் நேரே அதற்குரிய சான்றிதழின் எண், தேதி, வழங்கிய அலுவலகம், பிடிஎஃப் கோப்பு இருக்கும் இடம் ஆகியன இருக்கும். வேலை பார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவிப் பெயர், ஊதியம், விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, செய்த வேலைகளின் முழு விவரம், காட்டக்கூடிய சாதனைகள் என எல்லாமும் பதிவாகும். அரசு அறிவிக்கை வந்தால் தேதிகளையும் எண்களையும் அதிலிருந்து எடுக்கிறீர்கள். தனியார் அறிவிப்பு வந்தால் சாதனைகளில் பொருத்தமானவற்றை எடுக்கிறீர்கள். சமையலறையில் மளிகை ஒன்றுதான். சாம்பாருக்கு எடுப்பது வேறு, பாயசத்துக்கு எடுப்பது வேறு.

ஒரே கோப்பு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டால், முரண்பாட்டைத் தவிர்ப்பதில் இதற்கு இணையான வழி இல்லை. போட்டித் தேர்வுக்குப் படித்த இடைவெளி ஆண்டுகளைக் கையாள்வதிலும் இது உதவுகிறது. அரசுத் தரப்பில் அந்த ஆண்டுகளைப் பற்றிப் பெரும்பாலும் கேள்வி எழாது. வயது வரம்பு ஒன்றே அங்கே கணக்கு. தனியார் தரப்பில் கேள்வி கட்டாயம் வரும். அப்போது ‘2021–2023: குடிமைப் பணித் தேர்வுத் தயாரிப்பு, முதன்மைத் தேர்வு வரை தகுதி’ என்று ஒரே வரியில் நேராக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. அந்த இடைவெளியை நிரப்பப் போலி அனுபவச் சான்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வைப்புநிதியின் பொதுக் கணக்கு எண்ணில் (யுஏஎன்) பணிவரலாறு முழுவதும் தெரிவதால், பின்னணிச் சரிபார்ப்பில் இல்லாத வேலை இல்லாததாகவே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பின்னாளில் அரசுப் பணிக்கு முயலும்போது அந்தப் போலி வேலையை எழுதுவதா விடுவதா என்பது; எதைச் செய்தாலும் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கும்.

செலவு, தொடக்கத்தில் செலவாகும் நேரம்தான். எல்லாச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, பெயரிட்டு அடுக்குவதற்குச் சில விடுமுறை நாட்கள் போய்விடும். அதன்பின் ஒவ்வொரு தனியார் விண்ணப்பத்துக்கும் தனியாகத் திருத்த வேண்டும் என்ற உழைப்பும் இருக்கிறது. ஒரே வகையான முப்பது வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர் முப்பது முறை திருத்த வேண்டியதில்லை. வேலை வகைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று வடிவங்கள் போதும்.

| அளவுகோல் | ஒரே சுயவிவரம் | இரண்டு கோப்புகள் | மூலப் பதிவேடு |
|---|---|---|---|
| தனியாரின் முதல் வாசகருக்கு ஏற்றதா | ஓரளவு | ஆம் | மிகவும் |
| அரசின் சரிபார்ப்புக்கு ஏற்றதா | குறைவு | ஆம் | மிகவும் |
| முரண்படும் ஆபத்து | இல்லை | அதிகம் | மிகக் குறைவு |
| தொடக்க உழைப்பு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| தொடர் உழைப்பு | இல்லை | இரண்டையும் திருத்துவது | விண்ணப்பந்தோறும் சிறிது |

காசு கொடுத்து எழுதி வாங்குவதைத் தனி வழியாக நான் கணக்கில் எடுக்கவில்லை. தனியார் துறைக்கு, அதுவும் ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவருக்கு அது உதவலாம். அரசு விண்ணப்பத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் வீண். அங்கே நடைக்கு மதிப்பெண் இல்லை. கணினி மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டணம் செலுத்துவதற்கு முன் முன்னோட்டப் பக்கத்தை நீங்களே வரிவரியாகப் படியுங்கள். அங்கே நேரும் தவறுக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

## யாருக்கு எது?

இரண்டு துறைகளிலும் உண்மையாகவே முயல்பவர், அதிலும் ஓராண்டேனும் வேலை பார்த்தவர், மூலப் பதிவேட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை அனுபவமே இல்லாத புதிய பட்டதாரிக்கு இரண்டு கோப்புகள் போதும். முரண்படுவதற்கு அவரிடம் இன்னும் அதிகம் சேரவில்லை. குடிமைப் பணித் தேர்வு எழுதுபவர் முதன்மைத் தேர்வுக்கு முன்பே பதிவேட்டைத் தொடங்கிவிடுவது நல்லது, ஏனெனில் விரிவான படிவத்தை நிரப்பக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

தனியாரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் அனுபவப் பதவிகளுக்கு வருபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில அறிவிக்கைகள் தனியார் அனுபவத்துக்கு நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலையோ விண்ணப்பதாரரின் ஆண்டு ஊதியத்தையோ வரம்பாக வைக்கின்றன. பழைய ஊதியச் சீட்டுகளையும், ஊதியத்தில் வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16-ஐயும் பத்திரப்படுத்தாதவர்களுக்கு இந்த வரம்பை மெய்ப்பிப்பது கடினம்; நிறுவனம் இணைக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்தால் ஏறத்தாழ முடியாது.

அரசிலிருந்து தனியாருக்குச் செல்பவர்களின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. ‘இளநிலை உதவியாளர், கோப்புகள் பராமரிப்பு’ என்று மட்டும் எழுதினால், ஒரு மாவட்ட அலுவலகத்தின் ஊதியப் பட்டியலையும் கொள்முதலையும் தணிக்கை மறுமொழிகளையும் அவர் தனியாளாகக் கவனித்தது வெளியே தெரியாது. எத்தனை ஊழியர்களின் ஊதியம், எவ்வளவு தொகைக்கான கொள்முதல், எந்த மென்பொருள் என்று எழுத வேண்டும். அலுவல் இரகசியம் என்று கருதத்தக்க எதையும் எழுதக் கூடாது. அரசுப் பணியில் இருந்துகொண்டே வேறு அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்குத் துறைத் தலைவரின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அதற்கான விண்ணப்பத்தை அறிவிக்கை வெளியான வாரத்திலேயே அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.